நாவல் மரத்தில் கட்டிய தூளி

1

காலை ஆறு ஐம்பது. கைபேசித் திரையில் முதலில் தெரிந்தது என் புடவை.

அரக்கு நிறச் சின்னாளபட்டிச் சுங்குடி, மஞ்சள் புள்ளி. திருநெல்வேலியில் பத்திரிகை அலுவலகத்துக்குக் கட்டிக்கொண்டு போனது. படத்தில் அது ஒரு நாவல் மரக் கிளையிலிருந்து தூளியாகத் தொங்கியது. துணியின் விளிம்பில் ஒரு சிறிய பாதம் வெளியே நீண்டிருந்தது. என் மகன் முகிலின் பாதம். அவனுக்கு இரண்டு வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. தூளிக்குப் பக்கத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு டிபன் டப்பா, மூன்று ஜோடிச் செருப்பு, ஒரு தண்ணீர் பாட்டில். வேறு யாரும் இல்லை.

அனுப்பியவர் எங்கள் வீட்டு உரிமையாளர். கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார். குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வாடகைக்காரர்களுக்கு இடம் கிடையாது. முக்கியமென்று அவருக்குத் தோன்றுவதை எங்களுக்கு அனுப்பி வைப்பார். படத்தின் கீழே ஆங்கிலத்தில் நாலு வரி இருந்தது. கூலிக்காரக் குடும்பங்கள் நம் பூங்காவில் முகாம் போட்டுவிட்டன. மரங்களில் ஊஞ்சல் கட்டுகிறார்கள். நம் பிள்ளைகளின் பாதுகாப்பை முன்னிட்டு இன்று முதல் காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை பூங்கா பூட்டப்படும். எழுதியவர் சங்கச் செயலாளர். அதற்கும் கீழே உரிமையாளர் தன் பங்குக்கு இந்தியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: மதிய நேரத்தில் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

ஒன்பது வருடம் நாளிதழின் மேசையில் உட்கார்ந்து படங்களுக்கு அடிக்குறிப்பு எழுதியவள் நான். பழக்கம் விடவில்லை. படம் மேலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. கிழக்குப் பக்கத்து வீடுகளில் ஏதோ ஒன்றின் இரண்டாம் மாடி பால்கனி. நிழல் குட்டையாக விழுந்திருந்தது, ஆகவே ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையில். இடது ஓரம் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய பகுதியில் சறுக்கு மரமும் அதில் ஏறிக்கொண்டிருந்த என் மகள் கயலும், பெஞ்சில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த நானும் இருந்தோம்.

என் கணவர் சங்கர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நம்ம பிள்ளதான?"

"நம்ம பிள்ளதான்."

"விடு. ஆகஸ்ட்ல அக்ரிமென்ட் முடியுது. இப்பப் போயி ஓனர்ட்ட அது நாங்கதான்னு சொல்லி என்னத்த ஆகப்போவுது?"

அவருக்கு மெட்ரோவுக்கு நேரமாகிவிட்டது. டிபன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

2

டெல்லியில் என்ன செய்கிறாய் என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். ஜூன் மாதத்தில் நான் செய்கிற வேலை ஒன்றுதான்: மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை இரண்டு பிள்ளைகளை எங்கே வைத்திருப்பது என்று பார்ப்பது.

நாங்கள் மேற்கு டெல்லியில், ஜனக்புரியைத் தாண்டி ஒரு பழைய காலனியில் இருக்கிறோம். சங்கர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பிரிவு அதிகாரி. அரசுக் குடியிருப்புக்கு எழுதிப் போட்டு மூன்று வருடம் ஆகிறது. கிட்வாய் நகரில் வீடு கிடைத்தவர்கள் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் வந்துவிடும், வந்துவிடும் என்கிறார்கள். வரும்வரை இந்த மூன்றாம் மாடி. எங்களுக்கு மேலே மொட்டை மாடியும், தண்ணீர்த் தொட்டிகளும், அதற்கு மேலே சூரியனும் மட்டும் இருக்கின்றன. மதியம் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். காலையிலேயே வாளிகளில் பிடித்து வைத்து ஆறவிட்டுத்தான் பிள்ளைகளைக் குளிப்பாட்ட முடியும். ஏ.சி. இருக்கிறது, மதியம் தெருவே ஏ.சி. போடும்போது மின்னழுத்தம் இறங்கி அது நின்றுவிடும். அப்புறம் கூலர். அதுவும் நின்றால் ஈரத் துண்டு.

மே மாதம் இரண்டு முறை கயலுக்குச் சில்லுமூக்கு உடைந்தது. அவளுக்கு ஆறு வயது. இரண்டாவது முறை சட்டை முழுக்க ரத்தம். டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட எதுவும் இல்லை, வெயிலில் விடாதீர்கள், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள் என்றார். எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கலாம். சங்கருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. இரண்டு பிள்ளைகளோடு தனியாக இரண்டு நாள் ரயிலில் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் தெருமுனையில் பூங்கா இருக்கிறது. நாலு பக்கமும் சுவர், அதன் மேல் கம்பி, ஒரே ஒரு வாசல். உள்ளே ஏழெட்டு நாவல் மரங்கள், இரண்டு வேம்பு, ஒரு அரசு. நட்டு நாற்பது வருடமாவது இருக்கும். தெற்குச் சுவரை ஒட்டி நிற்கும் நாவல் மரங்களுக்கு அடியில் மட்டும் மதியத்திலும் மண் சுடாது. தெருவில் லூ என்று சொல்லும் அனல் காற்று அடிக்கும்போது இங்கே இலை அசைகிற சத்தம்தான் கேட்கும். இரண்டு சறுக்கு மரம், ஒரு பக்கம் இருக்கை உடைந்த ஊஞ்சல், உடற்பயிற்சிக்கு என்று நிறுத்தி வைத்த பச்சை மஞ்சள் இரும்புகள். பந்து விளையாடாதே, பூப் பறிக்காதே, நாய் கொண்டுவராதே என்று ஒரு பலகை. காலையில் கைகளை வீசி நடப்பவர்களும், மாலையில் தோழிகளோடு பாட்டிமார்களும், இரவு எட்டுக்கு மேல் பையன்களும் வருவார்கள். மதியம் யாரும் வருவதில்லை. அவர்கள் வீடுகள் குளிர்ச்சியாக இருக்கின்றன.

கீழே விழும் நாவல் பழங்களைப் பிள்ளைகள் மண்ணைத் துடைத்துவிட்டுத் தின்பார்கள். வீட்டில் உள்ள சட்டைகளில் பாதி ஊதாக் கறை.

3

அஞ்சலையக்காவை அங்கேதான் பார்த்தேன். சரியாகச் சொன்னால் அவர்தான் எங்கள் பேச்சை முதலில் கேட்டார். ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடிய கயலை நான் திட்டிக்கொண்டிருந்தேன். "ஏட்டி, எத்தன தடவ சொல்லுதேன், காதுல விழல?" மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"எந்த ஊரும்மா நீ? திட்டுறதுகூடப் பாட்டு மாரி இருக்குது."

ஐம்பதை நெருங்குகிற வயது. விழுப்புரம் பக்கத்திலிருந்து, பெற்றோர் கட்டட வேலைக்கு வந்தபோது கூடவே வந்தவர். அப்போது பத்து வயது. இங்கேயே கல்யாணம், இங்கேயே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்கள் இருந்த குடிசைப் பகுதியை இடித்து, நகரத்தின் விளிம்பில் ஓர் அறை வீடு கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். காலை வேலை ஒரு மணிக்கு முடியும். மாலை வேலை நாலுக்குத் தொடங்கும். நடுவில் வீட்டுக்குப் போனால் வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே பூங்கா. டிபனைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, முந்தானையை விரித்துச் சாய்வார்.

"மூணு கோட்டில வேல செய்றேன்" என்றார் முதல் நாள். இங்கே கோட்டி என்றால் பெரிய வீடு. வீட்டு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் ஊரில் அது பைத்தியம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாய் என்றார். சொன்னேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு ஊறுகாயை எடுத்தார்.

முகில் அப்போதெல்லாம் பகலில் தூங்குவதில்லை. பாளையங்கோட்டையில் அப்பா கட்டிய வீட்டில் கூடத்து மேல்தளத்தில் இரண்டு இரும்புக் கொக்கிகள் உண்டு. ஒன்று ஊஞ்சலுக்கு, ஒன்று தூளிக்கு. தளம் போடும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். எங்கள் தெருவில் கொக்கி இல்லாத வீடு இல்லை. டெல்லி வீடுகளில் மின்விசிறிக்கு மட்டும்தான் கொக்கி. உரிமையாளரிடம் ஒன்று அடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எதைத் தொங்கவிட என்று கேட்டார். பிள்ளையை என்றேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று இருக்கிறது என்றார். கம்பித் தொட்டில் வாங்கினோம். முகில் ஒரே வாரத்தில் அதைத் தாண்டிக் குதிக்கக் கற்றுக்கொண்டான். அதன் பிறகு என் தோள்தான்.

பூங்காவில் அவன் தோளில் கிடந்து சிணுங்குவதை அஞ்சலையக்கா மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் சொன்னார்.

"நாளைக்கு வரச்சொல்ல ஒரு பழைய பொடவ எடுத்துக்கினு வா. நூல் பொடவ. பாலீஸ்டரு வாணாம், வழுக்கும்."

நான் சுங்குடியை எடுத்துப் போனேன். தாழ்ந்த கிளையில் எறிந்து, இரண்டாக மடித்து, முடிச்சுப் போட்டு, முதலில் தன் பையை அதில் வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு முகிலை வைத்தார். அவன் இரண்டு மணி நேரம் தூங்கினான். நான் அன்று செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். சங்கர் அலுவலகத்திலிருந்து கொண்டுவரும் முந்தின நாள் தாள்தான். அப்படிப் படித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கயலுக்கு அந்த மதியங்கள் வேறு மாதிரி. அஞ்சலையக்கா அவளிடம் தமிழில் பேசுவார்; அவள் இந்தியில் பதில் சொல்வாள். ஒருவருக்கொருவர் எல்லாம் புரியும். வீடியோவில் என் அப்பா பேசினால் மட்டும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, நானா க்யா போல் ரஹே ஹை என்று கேட்பாள். தாத்தா என்ன சொல்கிறார் என்பதை நான் தமிழிலிருந்து இந்திக்கு மாற்றிச் சொல்ல வேண்டும். அப்பா அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே காத்திருப்பார்.

"என் பேத்தியும் இப்படித்தான்" என்றார் அஞ்சலையக்கா ஒருமுறை. "தமிழ்ல திட்டுனா மட்டும் கரெக்டாப் புரிஞ்சிக்கிது."

அப்படி மூன்று வாரம் போனது. பிறகு அந்தப் படம் வந்தது.

4

சங்கர் போனபின் படத்தை மறுபடி பார்த்தேன். எங்கள் பத்திரிகை மேசையில் ஒரு நடைமுறை உண்டு. அடிக்குறிப்பு தவறென்று தெரிந்தால், படத்தில் இருப்பவர் தேடி வருவதற்கு முன் திருத்தம் போட்டுவிட வேண்டும். அதே பக்கத்தில். இந்தப் படத்தில் இருப்பவர்களில் ஒருவன் என் மகன். பதினொன்றரைக்கு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சங்கச் செயலாளரின் வீட்டுக்குப் போனேன். பூங்கா வாசலுக்கு நேர் எதிர் வீடு. போகும்போதே பூட்டைப் பார்த்தேன். புதிது. வாசல் கம்பிகளுக்கு இடையில் கை நுழையாதபடி உள்பக்கம் தகரம் அடித்திருந்தார்கள்.

செயலாளர் ஏதோ அமைச்சகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மரியாதையாகப் பேசுகிற மனிதர். ஹாலில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. முகில் என் கையிலிருந்து இறங்கி, சட்டையைத் தூக்கிவிட்டுப் பளிங்குத் தரையில் வயிறு படக் குப்புறப் படுத்துக்கொண்டான். கயல் என் காதில், நாம் இங்கேயே இருந்துவிடலாமா என்று இந்தியில் கேட்டாள்.

படத்தைக் காட்டி, இது என் புடவை, தொங்குவது என் மகன் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டு, படத்தையும் தரையில் கிடந்த முகிலின் காலையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையிலேயே வருந்தினார்.

"நீங்கள்தான் என்று தெரிந்திருந்தால் இதைப் போட்டிருக்கவே மாட்டேனே, பேட்டா. கூலிக்காரர்கள் என்றல்லவா நினைத்தோம்."

உள்ளே திரும்பி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தட்டில் மூன்று தம்ளரோடு வந்தவர் அஞ்சலையக்கா.

அவருடைய மூன்று வீடுகள் எவை என்று நான் கேட்டதில்லை. அவர் என்னைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. கயல் வாயைத் திறந்தாள். அவள் கையை அழுத்தினேன்.

"சரி, அது உங்கள் குழந்தை" என்றார் செயலாளர், படத்தைப் பெரிதாக்கி. "இந்தப் பெண் யார்? உங்கள் வேலைக்காரியா?"

திரையில் தெரிந்தது ஒரு பச்சைப் புடவையின் முதுகும், கொண்டையும், வலது தோளுக்குக் கீழே ரவிக்கையில் போட்ட ஒட்டும். ஒன்பது வருடமாக அந்த வீட்டில் பாத்திரம் கழுவுகிற முதுகு. அன்றும் அதே புடவையைத்தான் கட்டியிருந்தார். செயலாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தட்டிலிருந்த தம்ளரை எடுத்துக்கொண்டார்.

அஞ்சலையக்கா தட்டை என் பக்கம் நீட்டினார். டீயில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிற குரலில், தமிழில் சொன்னார்.

"நாந்தான்னு சொல்லிடாத. வேல பூடும்."

நான் தம்ளரை எடுத்தேன். "சரிக்கா. சர்க்கர வேண்டாம்" என்றேன்.

செயலாளர் நிமிர்ந்து மகிழ்ச்சியாகச் சிரித்தார். அட, இவளும் உங்கள் மதராஸ்தான், எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக இருக்கிறாள், ஒரு ஸ்பூன் காணாமல் போனதில்லை என்றார். அஞ்சலையக்கா பார்வையைத் தாழ்த்தி, பிறர் முன்னால் மாமியார் புகழும்போது மருமகள்கள் நிற்பார்களே, அப்படி நின்றார். பிறகு உள்ளே போனார்.

படத்தில் இருக்கும் பெண் யாரென்று எனக்குத் தெரியாது என்றேன். வழியில் போனவர் யாரோ நிழலுக்கு வந்து உட்கார்ந்திருப்பார்.

"அதைத்தான் நாங்களும் சொல்கிறோம்" என்றார் அவர். "இன்று ஒருத்தி உட்காருவாள். நாளை பத்துப் பேர்."

யார் வேண்டுமானாலும் நிழலில் உட்காரலாமே, பூங்கா மாநகராட்சியுடையதுதானே என்று கேட்டேன். இந்தியில் இந்த அளவு வாதம் செய்ய எனக்கு இன்னும் வராது. வினைகள் ஆண்பாலும் பெண்பாலுமாக மாறி விழுந்தன. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பராமரிப்பு யார் செய்கிறார்கள், தோட்டக்காரனுக்கு யார் கொடுக்கிறார்கள், போன வருடம் மோட்டார் திருடு போனபோது யார் போலீஸுக்கு அலைந்தார்கள் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாமே உண்மை.

திருத்தம் போடுங்கள் என்று மட்டும் கேட்டேன். அதே குழுவில். அவர் உடனே ஒத்துக்கொண்டார். அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தபடி தட்டினார். ஊஞ்சல், நம் காலனியில் வாடகைக்கு இருக்கும் ஒரு மரியாதையான தென்னிந்தியக் குடும்பத்தினுடையது. இது அவர்கள் வழக்கம். அருகில் காணப்படும் அடையாளம் தெரியாத பெண்ணைப் பற்றிக் காவலாளி விசாரித்து வருகிறார். பூட்டு தொடரும்.

கைபேசியை என்னிடம் நீட்டினார். நீங்கள் பத்திரிகையில் இருந்தவர் என்று உங்கள் வீட்டு உரிமையாளர் சொன்னார், ஆங்கிலம் சரியா என்று ஒருமுறை பாருங்கள் என்றார்.

ஒரு எழுத்துப் பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

கிளம்பும்போது மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்துத் தந்தார். கூடுதல் சாவி. உங்களுக்குச் சிறு பிள்ளைகள், மேல்மாடி, வெயில், எனக்குப் புரிகிறது என்றார். நிபந்தனைகள் இரண்டு. நாங்கள் உள்ளே போனதும் யாரும் பின்னால் நுழையாதபடி காவலாளி வெளியிலிருந்து பூட்டிக்கொள்வான். இனிமேல் மரத்தில் புடவை கட்ட வேண்டாம்; பார்ப்பவர்களுக்குத் தவறான எண்ணம் வருகிறது.

நான் சாவியை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கயலின் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

5

மறுநாள் அஞ்சலையக்காவைத் தெருவில் பிடித்தேன். மதியம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன். அவர் ஏற்கெனவே ஒருமுறை வந்து பார்த்தவர்தான்.

"உன் வீட்டுக்கா? தோசக்கல்லு மேல குந்திக்கினு சோறு துன்ன மாரி" என்றார். பிறகு குரலைத் தணித்தார். காலனிக்குள் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சங்கம் கொடுத்திருக்கும் அட்டையில் மூன்று வீட்டு எண்கள்தான் இருக்கின்றன. நாலாவது வீட்டுப் படியில் ஏறினால் கீழே உரிமையாளர் கேட்பார். அவர் கேட்டால் குழுவில் போடுவார். குழுவில் போட்டால் செயலாளர் பார்ப்பார்.

"சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். "ஒம்போது வருஷமா அவங்க வீட்டுல இருக்கீங்க. நீங்கதான்னு தெரிஞ்சா ஒருவேள அவரே பூட்ட எடுத்திருப்பாரு."

"எழுதுனது அவரு. அதுல இருக்கறது அவரு வீட்டு முதுகுன்னு தெரிஞ்சா அவருக்கு அவமானம். அவமானம் அவருக்கு, வேல போறது எனக்கு." பிறகு, "ரவிக்கய மாத்திட்டேன். இது புதுசு. எப்டி இருக்குது?" என்று திரும்பி முதுகைக் காட்டினார்.

நன்றாக இருந்தது. சொன்னேன்.

இப்போது அவர் ஒன்றிலிருந்து நாலு வரை மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறார். அங்கே துரத்தினால் பஸ் நிறுத்தம். பஸ் நிறுத்தத்தின் கூரை தகரம். சில நாள் பூங்காவின் தெற்குச் சுவருக்கு வெளியே நாவல் மரக் கிளை ஒன்று தெருவுக்குள் நீண்டிருக்கிற இடத்தில் நிற்பார். இரண்டு பேர் நிற்கலாம் அந்த நிழலில். வெயில் நகர்ந்தால் அவரும் நகர வேண்டும்.

நாங்கள் இரண்டு மணிக்குப் போகிறோம். சாவியால் நான் திறக்கிறேன். உள்ளே போனதும் காவலாளி சங்கிலியைச் சுற்றி வெளியே பூட்டுகிறார். பிகாரிலிருந்து வந்த இளைஞர், ஊரில் அவருக்கும் முகில் வயதில் பையன் உண்டு. பூட்டும்போது ஒவ்வொரு நாளும், மன்னித்துவிடுங்கள் தீதி, உத்தரவு என்கிறார். சாவி என் பையில் இருக்கிறது. தகரத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து பூட்டை எட்ட முடியாது. மூன்று மணிக்கு அவர் சாப்பிடப் போவார். எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது.

உள்ளே எல்லாம் முன்பு போலத்தான். நிழல், சறுக்கு மரம், ஊதாப் பழங்கள். முகிலுக்குப் பாய் விரித்தேன். அவன் மரத்தடியில் நின்று கிளையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கிளையைக் காட்டினான். அழுது முடித்தபின் என் தோளில் சாய்ந்துகொண்டான். செய்தித்தாள் பெஞ்சில் மடித்தபடியே இருந்தது.

கயல் புது விளையாட்டு ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள். வாசலுக்கு உள்ளே குச்சியோடு நிற்பாள். தம்பி கிட்டே போனால், கார்ட் திகாவோ என்று அட்டை கேட்பாள். அவன் இலை ஒன்றைப் பொறுக்கிக் கொடுப்பான். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் இந்த வீட்டு நம்பர் இல்லை என்று இந்தியில் சொல்லித் திருப்பி அனுப்புவாள். அவன் வேறு இலை தேடப் போவான். குரல், முகம், ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது, எல்லாம் அட்டை பார்க்கும் காவலாளி அப்படியே. விளையாடாதே என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

முந்தாநாள் தெற்குச் சுவரின் கம்பிக்கு வெளியே அஞ்சலையக்காவின் தலை தெரிந்தது. சுவரின் அடிக்கல்லில் ஏறி நின்றிருக்கிறார். கயல் குச்சியைப் போட்டுவிட்டு ஓடினாள். உள்ளே வரச் சொல்லி, அந்தர் ஆவோ, அந்தர் ஆவோ என்று கம்பியைப் பிடித்துக் குதித்தாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மரம், பாய், நான், என் தோளில் முகில், கம்பியில் தொங்கும் கயல்.

"ஜூல கொரங்கு பாக்க வந்த மாரி இருக்குது" என்றார். "கடல போடட்டா?"

கயலுக்கு அது முழுக்கப் புரிந்தது. குரங்கு மாதிரி கத்திக் காட்டினாள். முகிலும் தலையைத் தூக்கிக் கத்தினான். அஞ்சலையக்கா உண்மையிலேயே முந்தானையிலிருந்து ஒரு கைப்பிடி வறுத்த கடலையை எடுத்துக் கம்பி வழியாகக் கொடுத்தார். பிள்ளைகள் கையேந்தி வாங்கினார்கள்.

"தூளி கட்டலியா?"

"கட்டக் கூடாதுன்னுட்டாருக்கா."

அவர் கிளையைப் பார்த்தார். பிறகு முகிலைப் பார்த்தார். "தட்டிக் குடு, தூங்கிடுவான். முதுகுல இல்ல, தொடைல" என்றார். கல்லிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது.

தொடையில் தட்டினேன். அவன் தூங்கவில்லை.

சங்கரிடம் இரவு இதைச் சொன்னபோது, அவர் அரசுக் குடியிருப்புப் பட்டியலில் எங்கள் இடம் முன்னால் நகர்ந்திருக்கிறதா என்று கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அந்த வீட்டுலயாவது கொக்கி இருக்கான்னு முதல்ல பாக்கணும்" என்றார்.

நேற்று காவலாளி மூன்று மணிக்குச் சாப்பிடப் போனவர் திரும்பவில்லை. தண்ணீர் பாட்டில் காலியாகிவிட்டது. கயல் வாசல் தகரத்தைத் தட்டினாள், பிறகு இரண்டு கையாலும் தட்டினாள். தெருவில் ஆளில்லை. அடுத்தடுத்த வீடுகளின் ஜன்னல்கள் எல்லாம் ஏ.சி.க்காக மூடியிருந்தன. காவலாளியின் எண்ணை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. செயலாளரின் எண் என்னிடம் இருந்தது. அழைக்க எடுத்தேன். மதியம் அவர் தூங்குவார். எழுப்பினால் நாளைக்குச் சாவி இருக்குமா என்று யோசித்துக் கைபேசியைப் பையில் வைத்தேன். செடிக்கு நீர் விடுகிற குழாயடியில் முகிலின் முகத்தை நனைத்தேன். வந்தது வெந்நீர்தான், ஆனாலும் நிழலில் கொஞ்ச நேரத்தில் ஆறியது. கயலை மரத்தடியில் படுக்க வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, ஈரக் கைக்குட்டையை மூக்கின் மேல் போட்டேன்.

நாலு மணிக்குத் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. தகரத்தின் கீழ் இடைவெளியில் அஞ்சலையக்காவின் கால்கள் தெரிந்தன. கயல் எழுந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கால்கள் நின்றன. எதிரே செயலாளர் வீட்டுக் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பின. பூட்டு ஒருமுறை அசையும் சத்தம் கேட்டது. அவரிடம் சாவி இல்லை. தகரத்தின் அடியில் என் சாவியைத் தள்ளிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, தமிழில், மெதுவாகச் சொன்னார்.

"என்னத் தெறக்கச் சொல்லாத தாயி. அவரு ஜன்னல்ல நிக்கிறாரு."

எதிர் வீட்டு அழைப்பு மணி இரண்டு முறை ஒலித்தது. கதவு திறந்து மூடியது.

பூங்கா ஐந்து மணிக்குத் திறக்கிறது.